பதினோரு பை, நாலு செங்கல்: எங்கள் ரேஷன் கடைக்கு ஒரு மதிப்புரை

பதினோரு பை, நாலு செங்கல், ஒற்றைச் செருப்பு ஒன்று. காலை எட்டே காலுக்கு எங்கள் பகுதி ரேஷன் கடை வாசலில் இருந்த வரிசை இவ்வளவுதான், ஆள் ஒருவர்கூட இல்லை. சரி, பதினேழாவது ஆள் நாம்தான் என்று செருப்புக்குப் பின்னால் என் பையை வைத்தேன். எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து ஒரு குரல் வந்தது: "தம்பி, அந்தச் செருப்புக்கு அப்புறம் ரெண்டு பேர் சொல்லிட்டுப் போயிருக்காங்க, நீ பத்தொம்போது." கடை திறக்கும் நேரம் ஒன்பது மணி. திறந்தது ஒன்பதே முக்கால். அரிசி என் கைக்கு வரும்போது பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். பருப்பு அன்றைக்கு இல்லை.

கடலூரில் புதிதாக ஒரு பிரியாணிக் கடை வந்தால் மறுநாளே இருபது பேர் படம் போட்டு நட்சத்திரம் கொடுத்துவிடுகிறோம். தமிழ்நாட்டில் இரண்டு கோடிக் குடும்பங்களுக்கு மேல் வாடிக்கையாளராக வைத்திருக்கிற கடை இது, இதற்கு எழுத ஆளில்லை. நானும் எழுதியிருக்க மாட்டேன். அக்கா மகள் சமூகப் பணியில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். அரசு நலத்திட்டம் யாருக்குப் போய்ச் சேருகிறது, யாரைத் தாண்டிப் போய்விடுகிறது என்பதுதான் விஷயம். ஒரு மாதம் எங்கள் வீட்டில் தங்கி இந்தக் கடையையும், புதுச்சேரி எல்லைக்கு அந்தப் பக்கம் பாகூர்ப் பகுதியையும் மாறிமாறிப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது, "மாமா, நம்ம ரேஷன் கடை எப்படி?" என்று கேட்டாள். "நல்லாத்தாம்மா இருக்கு, ஒண்ணும் குறை இல்ல" என்றேன். "நீங்க கடைசியா எப்பப் போனீங்க?" என் மனைவி குழம்புக் கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். கல்யாணமாகிப் பதினாலு வருடத்தில் நான் அந்தக் கடைக்குப் போனது நாலு தடவை இருக்கும், அதுவும் பொங்கலுக்குக் கரும்பு தூக்க. அடுத்த மாதம் முழுக்க நானே போவது என்று அன்றைக்கு முடிவாயிற்று. முடிவு செய்தது நான் இல்லை.

எந்தக் கடை, எந்தத் தெரு என்று எழுதப் போவதில்லை. கெடிலம் ஆற்றுக்குப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வேலை பார்க்கிற அக்காவுக்கு என்னால் ஒரு விளக்கக் கடிதம் வந்து சேர வேண்டாம்.

முதலில் பொருள். புழுங்கல் அரிசியைப் பற்றி ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், நான் என் வீட்டு அடுப்பை வைத்துச் சொல்கிறேன். சோறாக வடித்தால் சில மாதம் நன்றாக இருக்கும், சில மாதம் ஒரு வாடை வரும், மூட்டை எந்தக் கிடங்கில் எத்தனை நாள் கிடந்தது என்பதைப் பொறுத்தது. ஆனால் இட்லிக்கு? அம்மா இருபது வருடமாக ரேஷன் புழுங்கலைத் தவிர வேறு எதையும் கிரைண்டரில் போட்டதில்லை. நாலு பங்கு இதற்கு ஒரு பங்கு உளுந்து, ஆறு மணி நேரம் ஊறல், மறுநாள் காலையில் மாவு குண்டான் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். ஊரில் தெருவுக்குத் தெரு விற்கிற பாக்கெட் மாவு எந்த அரிசியில் அரைபடுகிறது என்று யாரும் கேட்பதில்லை, கேட்காமலே எல்லோருக்கும் தெரியும். பச்சரிசி கோலத்துக்கும் கொழுக்கட்டைக்கும். மதியச் சோற்றுக்கு நாங்கள் கடையில் பொன்னி வாங்குகிறோம், மறைப்பானேன்.

அரிசி களையும்போது சில மணிகள் மட்டும் மஞ்சளாக மேலே மிதக்கும். பிளாஸ்டிக் அரிசி என்று பக்கத்து வீட்டில் அதைப் பொறுக்கிப் பொறுக்கித் தூக்கிப் போடுகிறார்கள். அது செறிவூட்டப்பட்ட அரிசி. மாவாக்கி, இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து மறுபடி அரிசி வடிவத்தில் வார்த்து, நூறு மணிக்கு ஒன்று என்று கலந்தது. அதாவது சோகை வரக்கூடாது என்று காசு செலவழித்துப் போட்ட மணியைத்தான் சல்லடை போட்டுச் சாக்கடையில் விடுகிறோம். இதைக் கடையில் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தால் போதும். ஒட்டியிருந்த தாளில் இருந்தது "சில்லறை கொண்டு வரவும்."

விலைக்கு முழு மதிப்பெண். அரிசி 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாய் ஆயிற்று, 2011 ஜூனிலிருந்து இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை 25. வெளியில் பருப்பு என்ன விலை என்று மளிகைச் சீட்டு எழுதுகிறவர்களைக் கேளுங்கள். ஆனால் இந்த விலைக்குப் பொருள் இருக்கிற நாளில் நாம் அங்கே இருக்க வேண்டும், சிக்கலே அங்கேதான். 2024 மே மாதம் பருப்பும் பாமாயிலும் வராமல் போய், மே மாதத்துக்கு உரியதை ஜூனில் வாங்கிக்கொள்ளச் சொன்னது நினைவிருக்கும். அது மாநிலம் முழுக்க நடந்தது. அதன் சின்னப் பதிப்பு எங்கள் கடையில் மாதாமாதம் நடக்கிறது. அரிசி ஒருநாள், சர்க்கரை ஒருநாள், பருப்பு வந்த செய்தி தெருவில் பரவி நாம் செருப்பு மாட்டுவதற்குள் தீர்ந்து போன ஒருநாள். நான் அந்த மாதம் மூன்று தடவை போனேன். மூன்றாவது தடவை போவதற்கு முதல் நாள் என் போனுக்குக் குறுஞ்செய்தி வந்துவிட்டது, துவரம் பருப்பு ஒரு கிலோ வாங்கிவிட்டேனாம். வாங்கவில்லையே என்று போய் நின்றேன். "சார், முன்னாடியே பில் போட்டாச்சு, பொருளை எடுத்து வெச்சிருக்கேன், கேட்டா குடுத்திருப்பேனே" என்று உள்ளேயிருந்து ஒரு பொட்டலம் வந்தது. கேட்டேன், வந்தது. கேட்காதவர்களின் பொட்டலம் எங்கே போகிறது என்று அக்கா மகள் நோட்டில் எழுதிக்கொண்டாள். (புகார் எண் 1967. அழைத்தால் எடுக்கிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.)

இப்போது சேவை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

எனக்கு இரண்டு ஆள் முன்னால் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. நாலு செங்கல்லில் ஒன்று அவருடையது, ஒரு மூலையில் நீலப் பெயிண்ட் தடவி அடையாளம் வைத்திருந்தார். பிறந்த ஊர் பண்ருட்டிப் பக்கம், சின்ன வயதிலிருந்து முந்திரிக்கொட்டை உடைத்தவர், இங்கே மகள் வீட்டுக்கு வந்த பிறகும் மூட்டை வாங்கி வந்து வீட்டிலேயே உடைக்கிறார். முந்திரித் தோட்டில் ஓர் எண்ணெய் இருக்கிறது, தோலை அரித்துவிடும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைத்தாலும் விரல் நுனி கறுத்து, உரிந்து, வழவழவென்று ஆகிவிடுகிறது. அந்த விரலை எடுத்து அவர் இயந்திரத்தில் வைத்தார். சிவப்பு விளக்கு. "ரேகை விழல, வேற விரல் வைம்மா." நடுவிரல். சிவப்பு. முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தார், தலையில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றி வைத்தார், விற்பனையாளர் அக்கா தன் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தார், இடது கைக் கட்டைவிரலையும் பார்த்தாயிற்று. பிறகு கண் கருவி. ஒரு கண்ணில் புரை அறுவை ஆனவர், இமையைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னதில் தண்ணீர் கொட்டியது. எனக்குப் பின்னால் இருந்த ஒருவர், "பெரிசு, சீக்கிரம் ஆகட்டும், வேலைக்குப் போணும்" என்றார். அந்த அம்மா திரும்பி அவரிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. எதற்கு அவர் சிரிக்க வேண்டும்?

கடைசியில் கார்டை ஸ்கேன் செய்து, நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அரிசி போட்டார்கள். விரல் ஒத்துழைக்கவில்லை என்பதற்காகப் பொருளை மறுக்கக் கூடாது என்பதுதான் அரசின் அறிவுறுத்தல், அந்த வகையில் கடை சரியாகத்தான் நடந்துகொண்டது. எனக்கு என் முறை வந்தபோது விரல் வைத்தேன், ஒரு பீப், அவ்வளவுதான். நான் கம்ப்யூட்டரில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன், என் ரேகை நேற்று வரைந்த கோலம் மாதிரி இருக்கிறது. ஒரே கடை, ஒரே இயந்திரம், ஒரே இருபது கிலோ. எனக்கு இருபது விநாடி, அவருக்கு இருபத்தைந்து நிமிடம், அதுவும் பத்துப் பேர் பார்க்க. வீட்டுக்கு வரும் வழியில் அக்கா மகள் சொன்னாள்: "மாமா, பட்டியல்ல நீங்க ரெண்டு பேரும் ஒண்ணுதான். பயனாளி, பொருள் பெற்றார், முடிஞ்சுது. நான் ஆய்வு பண்றது அந்த இருபத்தஞ்சு நிமிஷத்தைத்தான்." அவள் துறையில் இதற்குப் பெயரெல்லாம் இருக்கிறதாம். திட்டத்தைத் தெரிந்துகொள்ள ஆகிற செலவு, தாள் சேர்த்துக் கொடுக்க ஆகிற செலவு, கூனிக்குறுகி நிற்பதில் மனசுக்கு ஆகிற செலவு என்று மூன்றாகப் பிரித்து எண்ணுகிறார்கள். மூன்றாவதை எப்படி எண்ணுவாய் என்று கேட்டேன். "எண்ண முடியல மாமா, அதனாலதான் எழுதறேன்" என்றாள்.

விற்பனையாளர் அக்காவைப் பற்றியும் எழுதாமல் விட்டால் பாவம். வாரத்தில் பாதி நாள் அவர் இன்னொரு கடையையும் பார்க்கிறார், அதனால்தான் அன்றைக்கு ஒன்பதே முக்கால். 2022-இல் கூட்டுறவுச் சங்கங்கள் ஆள் எடுத்தபோது விற்பனையாளருக்கு முதல் வருடம் தொகுப்பூதியம் மாதம் 6250 ரூபாய், கட்டுநருக்கு 5500. பட்டதாரிகள் வரிசையில் நின்று வாங்கிய வேலை அது. இப்போது எடைத் தராசையும் விரல் இயந்திரத்தையும் ப்ளூடூத்தில் இணைத்துவிட்டார்கள், சரியான எடை தராசில் விழுந்தால்தான் பில் போகும். நமக்கு நல்லதுதான், ஒன்றரைக் கிலோ அடிக்கிற பழைய கதை முடிந்தது. அந்த அக்கா கேட்ட கேள்வியையும் எழுதிவிடுகிறேன்: "சார், உங்களுக்கு ஒரு கிராம் குறைஞ்சா மெஷின் கத்துது. எனக்கு மூட்டையில ரெண்டு கிலோ குறைஞ்சு வந்து இறங்குதே, அதுக்கு எந்த மெஷின் கத்தும்?" கிடங்கிலிருந்து வருகிற ஐம்பது கிலோ மூட்டையை அவர் வாசலில் யாரும் எடை போட்டுத் தருவதில்லையாம். குறைகிறதைக் கையிலிருந்து கட்ட வேண்டும், இல்லை, கேட்காதவர் பொட்டலத்தில் கை வைக்க வேண்டும். என் பருப்புக்கும் இந்த இரண்டு கிலோவுக்கும் சொந்தம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

அக்கா மகள் மூன்று நாள் அந்த எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து வரிசையைப் பார்த்தாள், நாலாவது நாள் வரவில்லை. என்னம்மா ஆச்சு என்றால், "வர்றவங்களைப் பார்த்தாச்சு மாமா, இனி வராதவங்களைத் தேடணும்" என்றாள். மதிப்புரை எழுதுகிற நமக்கெல்லாம் இது தோன்றுவதே இல்லை பாருங்கள், ஹோட்டலுக்கு வந்தவன்தானே நட்சத்திரம் போடுகிறான். அவள் தேடிப் பிடித்தவர்களில் கட்டட வேலைக்குப் போகிற ஒரு தம்பதி, காலை ஏழரைக்கே வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும், கடை திறந்திருக்கும் நேரத்தில் அவர்கள் இந்த ஊரிலேயே இருப்பதில்லை. சித்தாள் கூலி எங்கள் பக்கம் ஐந்நூறு, அறுநூறு. இருபது கிலோ இட்லி அரிசி வெளியில் ஏறக்குறைய எண்ணூறு ரூபாய். இரண்டு நாள் வேலையை விட்டால் இலவச அரிசி கடை விலையைத் தாண்டிவிடுகிறது. அந்தப் பெண் கார்டைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருந்தார், விரல் முறை வந்த பிறகு அதுவும் முடியாமல் போயிற்று. சிப்காட் பக்கம் தகரக் கொட்டகையில் இருக்கிற வடமாநிலப் பையன்கள் சிலர். ஒரே நாடு ஒரே ரேஷன் 2020 அக்டோபர் 1 முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது, அவர்கள் ஊர்க் கார்டுக்கு இங்கேயே அரிசி வாங்கலாம். ஒருவரைத் தவிர யாருக்கும் தெரியவில்லை. தெரிந்த அந்த ஒருவரும், கார்டு அப்பா பெயரில் பீகாரில் இருக்கிறது என்று போகாமலே இருந்துவிட்டார். அப்புறம் ஆற்றோரம் நாலு இருளர் பழங்குடிக் குடும்பங்கள். கார்டே இல்லை. கார்டுக்கு ஆதார் வேண்டும், ஆதாருக்கு முகவரி வேண்டும், குடிசை இருக்கிற புறம்போக்குக்குக் கதவு எண் கிடையாது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கடையைத் திட்டித் தீர்த்த மாதிரி ஆகிவிடும். என்னுடையது முன்னுரிமை இல்லாத கார்டு, மத்திய அரசின் கணக்கில் வராதது. எனக்கு அரிசி தேவையா என்றால் இட்லிக்குத் தேவை, உயிருக்குத் தேவையில்லை. எனக்கு எதற்கு இலவச அரிசி என்று நானே பல தடவை டீக்கடையில் பேசியிருக்கிறேன். 1997-இல் மத்திய அரசு வறுமைக் கோட்டுக்கு மேலே, கீழே என்று கார்டைப் பிரித்தபோது தமிழ்நாடு பிரிக்க மாட்டேன் என்றது. 2013-இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, கிராமத்தில் 75 சதவீதம், நகரத்தில் 50 சதவீதம் பேர் வரைக்கும்தான் என்று அளந்தார்கள். தமிழ்நாடு அதில் 2016 நவம்பர் 1-இல் சேர்ந்தது, சேர்ந்தபோதும் மீதிப் பேருக்கு மாநிலத்தின் காசில் அரிசி போடுவதை நிறுத்தவில்லை. மத்தியக் கணக்கில் வருவது 3.64 கோடிப் பேர், அதுவும் 2011 மக்கள்தொகையை வைத்துப் போட்ட கணக்கு. அதற்கப்புறம் பிறந்த பிள்ளைகள் எட்டாம் வகுப்பு தாண்டிவிட்டார்கள். உணவு மானியம் மாநிலத்துக்கு வருடம் பத்தாயிரம் கோடிக்கு மேல் ஆகிறது.

"அந்தக் காசை நிஜமா ஏழையா இருக்கிறவங்களுக்கு ரெட்டிப்பா குடுக்கலாமே?" என்று டீக்கடை வாதத்தை அவளிடமும் எடுத்து விட்டேன். அவள் லண்டனில் சமூக நிர்வாகம் சொல்லிக்கொடுத்த ரிச்சர்ட் டிட்மஸ் என்பவரைப் பற்றிச் சொன்னாள். ஏழைகளுக்கு மட்டும் என்று தனியாகப் பிரித்து வைத்த சேவை கடைசியில் தரத்திலும் ஏழையாகவே போய்விடும் என்கிற கருத்தை ஐம்பது அறுபது வருடம் முன்பே பேசியவராம். "மாமா, பருப்பு வரலைன்னு நீங்க 1967-க்குப் போன் பண்ணீங்க இல்ல, அந்தம்மா பண்ணுவாங்களா? நீங்க அந்த வரிசையில நிக்கறது அவங்களுக்கும் சேர்த்துத்தான் நல்லது." இதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. உடனே மனைவி, "அவர் எங்க நின்னாரு, நானில்ல நின்னேன்" என்றாள். ஆய்வேட்டில் இதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். ஏற்கெனவே சேர்த்துவிட்டாளாம், வரிசையில் நிற்கிற நேரம் யாருடைய நேரம் என்று தனி அத்தியாயமே இருக்கிறது.

கடலூர்க்காரர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறெங்கும் போக வேண்டாம். ரெட்டிச்சாவடி தாண்டினால் புதுச்சேரி, முள்ளோடையில் போர்டுகளைப் பார்த்தாலே எல்லை தெரிந்துவிடும். அங்கே சாராயக் கடைக்குக் குறைவே இல்லை, ரேஷன் கடை பல வருடம் மூடிக் கிடந்தது. 2015 செப்டம்பரில் அரிசிக்குப் பதில் பணம் வங்கிக் கணக்குக்கு என்று மாற்றிய யூனியன் பிரதேசங்களில் புதுச்சேரி ஒன்று. அரிசியா பணமா என்பதில் அப்போதைய முதலமைச்சர் நாராயணசாமிக்கும் துணைநிலை ஆளுநர் கிரண் பேடிக்கும் நடந்த சண்டை உயர் நீதிமன்றம் வரை போனது. என் பெரியம்மா பாகூர்ப் பக்கம், சிவப்பு அட்டை, அதாவது வறுமைக் கோட்டுக்குக் கீழே. அந்த வருடங்களில் மாதம் 600 ரூபாய் கணக்கில் விழ வேண்டும், கோட்டுக்கு மேலே இருக்கிற மஞ்சள் அட்டை என்றால் 300. இருபது கிலோவுக்கு 600 என்றால் கிலோ முப்பது, அந்த விலைக்கு எந்த மளிகைக் கடையில் அரிசி தந்தான்? அதுவும் விழுந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ளவே பெரியம்மா பஸ் ஏறி வங்கிக்குப் போவார். சில மாதம் இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வரும், சில மாதம் வந்தது எதற்கோ பிடித்தம் ஆகியிருக்கும். "துட்டு வந்தா உங்க பெரியப்பா கண்ணுக்குத் தெரியும்டா, அரிசி வந்தா என் கண்ணுக்குத் தெரியும்" என்பார். பெரியப்பா போய்ச் சேர்ந்து வருடமாயிற்று, அந்த வாக்கியத்தை மட்டும் இன்னும் மாற்றவில்லை.

இது பெரியம்மா ஒருவரின் புலம்பல் இல்லை. பணம் கொடுக்கத் தொடங்கிய மூன்று யூனியன் பிரதேசங்களிலும் நிதி ஆயோக்குக்காக ஒரு பொருளாதார ஆய்வுக் குழு ஒரு வருடம் சுற்றுச்சுற்றாக வீடு வீடாகப் போய்க் கேட்டது. அரசு ஏட்டில் தோற்றுப்போன பரிவர்த்தனை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. வீட்டில் கேட்டால், கடைசிச் சுற்றிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பணம் வரவில்லை என்றார்கள். பொய் சொன்னவர் யாரும் இல்லை. பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்றே பலருக்குத் தெரியாது. ஆனால் அதே ஆய்வில் நாளாக ஆகப் பணமே போதும் என்று சொன்னவர்கள் கூடிக்கொண்டே வந்தார்கள், அதையும் மறைக்கக் கூடாது. 2011 கோடையில் பொருளாதார அறிஞர்கள் ழான் த்ரேஸும் ரீதிகா கேராவும் மாணவர்களைக் கொண்டு ஒன்பது மாநிலங்களில் இதையே கேட்டபோது, கடை ஒழுங்காக நடக்கிற ஊரில் அரிசியே வேண்டும் என்றும், கடை உருப்படாத ஊரில் பணம் கொடு என்றும் ஜனங்கள் சொன்னார்கள். வேறென்ன சொல்வார்கள், கடை சரியில்லை என்றால் நாமும் அடுத்த கடைக்குத்தானே போகிறோம். புதுச்சேரியில் 2024 தீபாவளிக்குப் பத்து கிலோ அரிசியும் இரண்டு கிலோ சர்க்கரையும் என்று கடைகளைத் திறந்தார்கள். பெரியம்மா போன் பண்ணி அரிசி வந்ததைச் சொன்ன குரலைக் கேட்டிருந்தால், ஏதோ பேரன் பிறந்துவிட்டான் என்று நினைத்திருப்பீர்கள்.

ஆனால் எல்லாவற்றிலும் இந்தப் பக்கம்தான் உசத்தி என்றும் சொல்லிவிட முடியாது. அதே வருடம் நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது, சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டதில் தென்பெண்ணை எங்கள் பக்கத்துத் தாழ்வான ஊர்களுக்குள் புகுந்தது. நிவாரணம் இங்கே பாதிக்கப்பட்ட குடும்ப அட்டைக்கு 2000, அங்கே எல்லா ரேஷன் அட்டைக்கும் 5000. பாதிக்கப்பட்டவர் யார் என்று இங்கே பட்டியல் எடுத்தார்கள், டோக்கன் கொடுத்தார்கள், எங்கள் கடை வாசலில் அன்றைக்குச் செங்கல் வைக்க இடமில்லை. அரிசிக்குப் பிரிக்காத அரசு வெள்ளத்துக்குப் பிரித்தது. பக்கத்துத் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்ற வீட்டுக்கு டோக்கன் வரவில்லை, மாடி வீட்டுக்கு வந்தது. ஏன் என்று கேட்டால் கணக்கெடுக்க வந்தவர் எந்தப் பக்கத்திலிருந்து தெருவுக்குள் நுழைந்தார் என்பதுதான் காரணம்.

நல்ல செய்தியும் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் என்று ஆரம்பித்தபோது, எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே கொண்டுவந்து போட்டார்கள். எங்கள் தெருவுக்குச் சின்ன வண்டி வந்ததை நானே பார்த்தேன், தராசும் இயந்திரமும் அதிலேயே இருந்தன, படுக்கையில் கிடக்கிற ஒரு பெரியவர் கட்டிலில் இருந்தபடி விரல் வைத்தார். இதற்கு மட்டும் ஐந்து நட்சத்திரம், யோசிக்காமல் கொடுக்கலாம். முந்திரி அம்மாவுக்கு அப்போது அந்த வயது ஆகவில்லை. வயதானவர்கள் தங்களுக்குப் பதிலாக ஒருவரை எழுதிக் கொடுத்து அனுப்ப வழி இருக்கிறது, அந்தப் படிவத்தை அக்கா மகளே பூர்த்தி செய்து கொடுத்துவிட்டுத்தான் போனாள். ஆய்வாளர் அப்படித் தலையிடலாமா என்று கேட்டேன். "சமூகப் பணின்னுதானே மாமா பேரு" என்றாள்.

என் கணக்குக்கு: அரிசிக்கு மூன்றரை, விலைக்கு ஐந்து, நேரத்துக்கு ஒன்று, அந்த அக்காவின் பொறுமைக்கு நாலு. சராசரி போட்டு ஒரு நம்பர் கொடுக்கலாம் என்று பார்த்தேன், அக்கா மகள் விடவில்லை, சராசரியில்தான் எல்லோரும் காணாமல் போகிறார்களாம். சரி என்று மூன்றாவது தடவை போனபோது முந்திரி அம்மாவிடமே கேட்டேன், இந்தக் கடைக்கு அஞ்சுக்கு எத்தனை மார்க் போடுவீங்க என்று. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மார்க்கு எதுக்குப்பா, உக்கார ஒரு பெஞ்சு போடச் சொல்லு" என்றார். பெஞ்சு கேட்டு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன், கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிக்கொண்டார்கள், ஒப்புகைச் சீட்டு என்னிடம் இருக்கிறது.

பாமாயில் இருபத்தெட்டாம் தேதிக்கு மேல் வருமாம். அதற்குள் நானும் ஒரு செங்கல் பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் அந்த அம்மா. பை என்றால் காற்றுக்குப் பறந்துவிடுமாம்.